எக்ஸ்பிரஸ் அக்காவும் ஒரு வலது கையும்

அந்தத் தெருவில் அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். நடந்தால் ஓட்டம், பேசினால் மூச்சு விடாத பேச்சு, நடுவில் எங்கேயும் நிறுத்தம் கிடையாது. சலவைக் கடையில் இஸ்திரி போட்ட சட்டைகளுக்குப் பொத்தான் மாட்டி மடித்து அடுக்குவது அவள் வேலை. "அக்கா, இந்தச் சட்டை..." என்று நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அந்தச் சட்டை எல்லாப் பொத்தானும் மாட்டி, இரண்டு கையையும் முதுகுப் பக்கம் கட்டிக்கொண்டு, உறைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். எங்காவது ஒரு சின்னக் கறை மிச்சமிருந்தால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அவள் வீட்டுக்காரர் நேர் எதிர். பேக்கரியில் கேக்குக்கு க்ரீம் வேலை செய்கிறவர். ஊருக்கெல்லாம் மாஸ்டர். வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்கு வயதாகிவிடும். கூம்புப் பையில் க்ரீமை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால், கேக்கின் ஓரத்தைச் சுற்றி ஒரே அளவில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே வருவார். கேக்கின் மேல் எழுதும் எழுத்தைப் பற்றி யாராவது புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது.

"எழுத்து யாரு வேணா எழுதலாம்," என்பார். "ஓரத்துப் புள்ளியிலதான் கை தெரியும். அழுத்துறது பெரிசில்ல. டக்குனு விடணும். அதான் வேலை."

அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான் என்று எக்ஸ்பிரஸ் சொல்வாள்.

அப்படிப்பட்ட மனுஷன், பேக்கரியின் மாவு அறையில் எரியாத பல்பை மாற்றுகிறேன் என்று ஏணியில் ஏறினார். ஏணி வழுக்கியது. மாவுத் தொட்டியின் இரும்பு விளிம்பில் தலையின் இடது பக்கம் மோதி, பேச்சு மூச்சில்லாமல் விழுந்தார். மூளைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, கத்தி வைக்காமலே கரைய வாய்ப்பிருக்கிறது, பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். எக்ஸ்பிரஸ் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். பிறந்ததிலிருந்து அவள் கைக்கு வேலையில்லாமல் நின்றது அங்கேதான். தொடக்கூடாது, துடைக்கக்கூடாது, போர்வையைக்கூட இழுத்துவிடக் கூடாது.

கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் வார்த்தை, "பல்பு?"

"எரியுதுங்க, பளிச்சுனு எரியுது," என்று அழுதுகொண்டே சிரித்தாள் எக்ஸ்பிரஸ். அண்டப்புளுகு. அந்தப் பல்பை யாரும் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை.

நாலைந்து கேள்வி கேட்டுப் பார்த்த டாக்டர், "பேச்சு ரொம்பக் குறைஞ்சிருக்கே," என்று கவலைப்பட்டார். "இவரு கல்யாணத்தன்னிக்கே இப்படித்தான் டாக்டர்," என்றாள் அவள். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தது. கால் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, கைத்தடியோடு நடந்தார். வலது கைதான் வரவில்லை. கட்டைவிரல் உள்ளே போய், மற்ற விரல்கள் அதன் மேல் மூடிக்கொண்டு, ஒரு முட்டி மாதிரி நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. பார்க்க வந்த பேக்கரி முதலாளி, "உங்க இடம் உங்களுக்குத்தான் மாஸ்டர்," என்று அந்த முட்டியைப் பார்த்தே சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் எக்ஸ்பிரஸ் வேகம் பிடித்தாள். அவர் சட்டையை எடுப்பதற்குள் மாட்டிவிட்டாள். பசி என்று நினைப்பதற்குள் ஸ்பூன் வாயருகே நின்றது. தலை சீவுவதும் அவள், செருப்பு மாட்டுவதும் அவள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே சும்மா நின்ற கைகள் அல்லவா, இப்போது விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடித்தன.

ஒரு நாள் சாயங்காலம் மாஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பெரிய கொட்டாவி விட்டார். வாய் திறக்கத் திறக்க, அந்த வலது கை மெல்ல நெஞ்சை விட்டு எழுந்தது. தோள் உயரத்துக்கு வந்தது. முட்டி அவிழ்ந்து விரல்கள் விரிந்தன. வாய் மூடியதும் கை பழையபடி இறங்கிச் சுருண்டுகொண்டது.

கீழ் வீட்டிலிருந்து வந்திருந்த நாத்தனார் கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டாள். "அண்ணி! அண்ணன் கையைத் தூக்குது!"

"என்னங்க! இன்னொரு தடவை தூக்குங்க!" என்று எக்ஸ்பிரஸ் கத்தினாள்.

மாஸ்டர் தன் கையைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. கை அசையவில்லை. "வரல," என்றார்.

இனிமேல்தான் கூத்து. அண்ணியும் நாத்தனாரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கொட்டாவிதான் மருந்து. அவர் எதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் மாறி மாறி வாயைப் பிளந்தார்கள். அவருக்கும் தொற்றியது, கை எழுந்தது, இவர்கள் கைதட்டினார்கள். சலவைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே பழக்கத்தில் எக்ஸ்பிரஸ் கொட்டாவி விட, துணி வாங்க வந்தவர்கள் எல்லாம் வரிசையாக விட்டார்கள். இதைப் படிக்கும் உங்களுக்கே ஒன்று வந்திருக்கும், தப்பில்லை. இரண்டு வாரம் வீடே தாடை வலிக்கக் கொட்டாவி விட்டது. கை மட்டும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை.

மாஸ்டரின் கைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியவர் ஆஸ்பத்திரியின் பிசியோ. நெட்டையான பெண், அவர் வருவதற்கு முன்னாலேயே அவர் ஷூ கீச்சிடும் சத்தம் வந்துவிடும். எக்ஸ்பிரஸ் கொட்டாவி வைத்தியத்தை ஆதியோடந்தம் சொல்ல, அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். மாஸ்டரின் மூளைப் படம். அதில் நீல நிறத்தில் இரண்டு கற்றைகள் மேலிருந்து கீழே இறங்கின. ஒன்று தடிமனாக, மற்றது நூல் மாதிரி.

"இதுதான் மூளையிலிருந்து கைக்குக் கட்டளை போற வழி அக்கா. ரெண்டும் கழுத்துக்குச் சற்று மேல பக்கம் மாறிக்கும். இடது மூளை வலது கைக்கு, வலது மூளை இடது கைக்கு. மாஸ்டருக்கு அடிபட்டது இடது பக்கம். அதான் வலது கைக்கு வர வழி நைஞ்சு போச்சு. விரலைத் தனித்தனியா ஆட்டணும், பொத்தான் போடணும், பிடிச்சதை விடணும்னா இந்த வழிதான் வேணும்."

"அப்ப கொட்டாவிக்கு மட்டும் எப்படிங்க எந்திரிக்குது?"

"அது வேற வழி. மூளைக்கு அடித்தண்டு ஒண்ணு இருக்கு, அங்கேருந்து கிளம்புற பழைய வழி. நாம நினைச்சு அனுப்புறது இல்ல, தானா நடக்குறது. அந்த வழி கையை மொத்தமாத் தூக்கும், மொத்தமா மடக்கும். புள்ளி வைக்கச் சொன்னா அதுக்குத் தெரியாது."

எக்ஸ்பிரஸ் கொஞ்சம் யோசித்தாள். "மெயின் ரோடு அடைச்சுக் கிடக்கு. வண்டி பின்சந்து வழியா வந்துட்டுப் போயிருக்கு. நாங்க அதுக்குப் போய்க் கைதட்டியிருக்கோம்."

"கைதட்டினதுல தப்பில்ல," என்றார் பிசியோ. "மெயின் ரோடு முழுசா அடைச்சிருக்கா, இல்ல ஒரு சைக்கிளாவது போகுமான்னு இப்பப் பார்ப்போம்."

மூளையை வெளியிலிருந்தே தட்டிப் பார்க்கும் வட்டமான ஒரு காந்தச் சுருளை மாஸ்டரின் தலையில் இடது பக்கம் வைத்தார். வலது கையில் ஒயர் ஒட்டினார். டக் என்று ஒரு சத்தம். கை அப்படியே கிடந்தது. சுருளைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி டக். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் பலமாக, டக்.

கட்டைவிரல் துள்ளியது. வெந்நீர் பட்ட மாதிரி ஒரே ஒரு துள்ளல்.

"வழி இருக்கு!" என்றார் பிசியோ. மாஸ்டர் தன் கட்டைவிரலை, வெளியூர் போய் வந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

வழி இருப்பதால்தான் இனி வலது கையோடு மல்லுக்கட்டுவது என்று முடிவானது. துள்ளாமல் இருந்திருந்தால், காலத்தை வீணாக்காமல் இடது கையைப் பழக்கியிருப்பார்கள். ஆனால் நூல் மாதிரி வழி. அடிபட்ட மூளை புது வேகத்தில் வழி போடுவது முதல் சில மாதங்கள்தான். அதற்குள் அந்த வழியில் கட்டளை போய்க்கொண்டே இருக்க வேண்டும். கட்டளை போகாத வழியை மூளை கைவிட்டுவிடும்.

கட்டைவிரலும் சுட்டுவிரலும் லேசாகத் திறக்கத் தொடங்கியதும் பிசியோ ஒரு தடித்த பருத்தி உறையை மாஸ்டரின் நல்ல இடது கையில் மாட்டிவிட்டார். "விழிச்சிருக்கிற நேரம் பெரும்பாலும் இது இருக்கணும். சாப்பாடு, சட்டை, சீப்பு எல்லாம் வலது கைதான். அக்கா, நீங்க எதுவும் செஞ்சு கொடுக்கக் கூடாது. கொட்டினா கொட்டட்டும்."

"நான் ஏன் செய்யப் போறேன்?" என்றாள் எக்ஸ்பிரஸ்.

செய்தாள். முதல் நாளே செய்தாள். அவர் ஸ்பூனைப் பிடிக்கத் தடுமாறி, பாதியைக் கொட்டி, மீதி வாய்க்கு வருவதற்குள் ஆறிப்போனது. மனுஷன் பட்டினி கிடந்து பழகணுமா என்று தோன்றியது அவளுக்கு. "ஒரு வாய், ஒரே ஒரு வாய்," என்று ஆரம்பித்தாள். அப்புறம் எல்லா வாயும் அவள்தான். இடது கை உறையைக் கழற்றுவதும் அவள், வேலை முடிந்ததும் மாட்டுவதும் அவள். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று அதை வெளுத்து, இஸ்திரி போட்டு, மொடமொடவென்று மாட்டி அழைத்துப் போவாள். சட்டையும் பளீரென்று இருக்கும்.

அந்தப் பளீரில்தான் குட்டு உடைந்தது.

ஒரு நாள் பிசியோ மாஸ்டரின் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "மாஸ்டர், வலது கையாலதானே சாப்பிடுறீங்க?"

மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

"ஆமாம்மா, அந்தக் கையாலதான்," என்றாள் எக்ஸ்பிரஸ் அவசரமாக.

"நானும் இந்த வேலைக்கு வந்து எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன் அக்கா. இந்த நிலைமையில இருக்கிற கையால சாப்பிடுறவர் சட்டையில ஒரு வாரத்து சாப்பாடு எழுதியிருக்கும். உங்க வீட்டுக்காரர் சட்டையில ஒரு சொட்டு இல்ல. துவைச்சாலும் இவ்வளவு போகாதே?"

"நான் துவைச்சாப் போகும்," என்று வாய் தவறிப் பெருமையாகச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள் எக்ஸ்பிரஸ். முகத்தில் அசடு வழிந்தது.

பிசியோ சிரிக்கவில்லை. "கோபப்படாதீங்க. ரெண்டு வாரத்துல மறுபடி சோதனை இருக்கு. பலகையில ஒரு பொத்தான் போடச் சொல்வேன். அதுக்குள்ள முன்னேற்றம் இல்லைன்னா வலது கையை விட்டுட்டு இடதுக்கு மாறணும். காத்திருக்கிறவங்க நிறைய பேர். என்னால இழுத்துப் பிடிக்க முடியாது." அப்புறம் மெதுவாக, "அவரு கையைத் தடுக்கிறது அடி மட்டும் இல்ல அக்கா," என்றார்.

வீடு வரும்வரை எக்ஸ்பிரஸ் பேசவில்லை. இது தெருவுக்கே செய்தி. நாத்தனார் மேலே ஓடி வந்து, "என்ன அண்ணி, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அவள் போனதும் எக்ஸ்பிரஸ் புருஷன் மேல் பாய்ந்தாள். "நான்தான் புத்தி கெட்டுச் செஞ்சேன். நீங்க ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லக்கூடாதா? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

"நீ சந்தோஷமா ஊட்டின," என்றார் மாஸ்டர். "அதான்."

அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "அந்தக் கதவுக்கு வெளிய நிக்கும்போது உங்களைத் தொட விடல. ஊட்டினாத்தான் நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தோணுது. நான் என்ன பண்ண?"

"பக்கத்துல உக்காரு," என்றார் அவர். "இருக்கேன்."

அன்றிலிருந்து எக்ஸ்பிரஸ் சாப்பாட்டு நேரத்தில் தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். விளையாட்டில்லை. ஸ்பூன் நடுங்கும், சாய்ந்து கொட்டும், அவள் கை கீழே துறுதுறுக்கும். ஸ்பூனைப் பிடித்த விரல் அதை விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். "விடுறா," என்று மாஸ்டர் தன் கையையே திட்டுவார். சட்டையெல்லாம் குழம்பும் பாலும் ஜாமும். அடுத்த முறை அந்தச் சட்டையோடே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். பஸ்ஸில் எதிரே இருந்தவர்கள் பார்த்தார்கள். சலவைக் கடைக்காரி புருஷன் இப்படி என்று யாராவது நினைப்பார்களோ என்று அவள் காது மடல் சூடானது. பிசியோ அந்தச் சட்டையைப் பார்த்து, "அடடா, என்ன அழகான சட்டை!" என்றார்.

சோதனை நாள் காலையில் மழை. எக்ஸ்பிரஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் தன் சட்டையைத் தலை வழியாகப் போட்டுக்கொண்டு நிற்க, அவள் தன் ஸ்வெட்டரை இழுத்து மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தாள்.

உள்ளே பிசியோ மேஜையில் ஒரு மரப்பலகையை வைத்தார். அதில் ஒரு துணிப்பட்டை, ஒரு பொத்தான். மாஸ்டரின் விரல் பொத்தானைப் பிடித்தது. துளைக்குள் தள்ள வரவில்லை. பிடித்ததை விட்டு மாற்றிப் பிடிக்கவும் வரவில்லை. பலகை வழுக்கிக்கொண்டே போனது. வியர்த்தது. எக்ஸ்பிரஸ் தன் கைகள் மேல் உட்கார்ந்து, பொத்தானை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்தது. பொத்தான் வெளியிலேயே இருந்தது.

"பரவாயில்ல மாஸ்டர்," என்றார் பிசியோ. குரலில் வழக்கமான துடிப்பு இல்லை. "நல்லா முயற்சி பண்ணீங்க. ஆனா நான் சொன்னேன் இல்லையா..." காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். "அடுத்த வாரத்திலிருந்து இடது கை பார்ப்போம்."

வெளியே நடைவழியில் வந்ததும் எக்ஸ்பிரஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காக இருந்திருந்தால், அந்த முதல் வாயை ஊட்டாமல் இருந்திருந்தால் என்று மனசு அடித்துக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, பஸ் போயிடும்," என்று கிளம்பினாள்.

"நில்லு," என்றார் மாஸ்டர்.

"என்னங்க?"

"பொத்தான்."

அவள் குனிந்து பார்த்தாள். ஸ்வெட்டரின் பொத்தான்கள் எல்லாம் ஒவ்வொரு துளை மாறிப் போயிருந்தன. ஒரு பக்கம் தொங்க, மறுபக்கம் கழுத்தை இடிக்க, ஊர்ச் சட்டைக்கெல்லாம் பொத்தான் போடுகிறவள் அதே கோலத்தில் பஸ்ஸில் வந்து, அதே கோலத்தில் பிசியோ முன்னால் உட்கார்ந்திருந்தாள். "ஐயோ, மானம் போச்சு!" என்று கையைக் கொண்டுபோனாள்.

அதற்குள் அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டார். உறை மாட்டிய இடது கையால் ஸ்வெட்டரை அவள் மேல் அழுத்திப் பிடித்தார். வலது கை மேலே வந்தது. கொட்டாவி விடாமல் வந்தது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் மேல் பொத்தானைப் பற்றின.

"நானே போட்டுக்கறேன்" என்ற வார்த்தை எக்ஸ்பிரஸின் தொண்டை வரை வந்தது. விழுங்கினாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அவள் மடித்து வைக்கும் சட்டைகள் மாதிரி.

பொத்தான் பாதி வந்து மாட்டிக்கொண்டது. பிடித்த விரல் விட மறுத்தது. மாஸ்டரின் உதடு அசைந்தது. "விடுறா," என்று சொல்லியிருப்பார். கட்டைவிரல் நடுங்கி, நடுங்கி, திறந்தது. மறுபடி பிடித்தது. பொத்தான் துளையை விட்டு வெளியே வந்தது. அதற்குச் சரியான துளையைத் தேடி விரல் நகர்ந்தது. லிஃப்ட் திறந்து மூடியது. தள்ளுவண்டியோடு வந்த ஒருவர் "வழி, வழி" என்று சுற்றிக்கொண்டு போனார். எக்ஸ்பிரஸ் அசையவில்லை. அவர் மூச்சு அவள் நெற்றியில் பட்டது. பொத்தான் துளைக்குள் தலையை நீட்டி, நழுவி, மறுபடி நீட்டி, உள்ளே போனது.

கீச் என்று ஒரு ஷூ சத்தம். அடுத்த ஆளைக் கூப்பிட வந்த பிசியோ கதவிலேயே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. கையிலிருந்த காகிதத்தில் ஒரு வரியை அழுத்தி அடித்தார்.

"பலகைக்குப் போடல, பொண்டாட்டிக்குப் போடுறாரு," என்றார். "வலது கையே இருக்கட்டும் அக்கா. மேல இருக்கிறவங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

எக்ஸ்பிரஸ் தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்று தெரியும். மாஸ்டர் அதையெல்லாம் கவனித்த மாதிரியே இல்லை. விரல் அடுத்த பொத்தானுக்கு இறங்கியிருந்தது. பாதியில் ஒருதரம் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"அவசரமா?" என்று கேட்டார்.

"எனக்கென்னங்க அவசரம்?" என்றாள் எக்ஸ்பிரஸ். "பஸ் போனாப் போகுது. நீங்க போடுங்க."